வாவிக்கரைக்கு ஒரு வானொலி

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிப் பேசாதார் இல்லை. அவற்றின் ஓசையைச் செவியாரக் கேட்டவரோ மிகச் சிலர். நிலவெறிக்கும் இரவில், காற்று அடங்கிய வேளையில், கல்லடிப் பாலத்தையண்டித் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு பொருத்திக் கேட்பது இங்குள்ள மீனவர் வழக்கு. 1848ஆம் ஆண்டில் இவ்வாவிக்கு வந்த எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி தாம் கேட்ட அவ்வொலியை வியந்து எழுதிவைத்தார். பிற்காலத்தில் இயேசு சபைத் துறவியர் ஒலிவாங்கியை நீருக்குள் இறக்கி அதனைப் பதிவுசெய்தனர். மீனுக்குக் கிட்டிய இந்தப் பேறு, அதே நீரின் இருகரையிலும் வாழும் மனிதருக்கு இன்னும் கிட்டவில்லை. அவர்களின் குரலை அவர்களே எடுத்து அவர்களுக்கே ஒலிக்கும் வானொலி ஒன்று வேண்டும் என்பதும், அதற்குரிய தொண்டர்களை இன்றே பழக்கத் தொடங்கலாம் என்பதும் நாம் இங்கு வற்புறுத்த விரும்பும் கருத்தாகும்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. இப்பெயர்களை இட்டவன் ஏர்பிடித்த உழவனேயாயினும் அவனைப் புலவனென்றே கொள்ளலாம். எழுவான்கரையில் பட்டினமும் பாடசாலையும் வைத்தியசாலையும் கந்தோர்களும் நெருங்கிக் கிடக்கின்றன. படுவான்கரையில் வயலும் குளமும் மாட்டுப்பட்டியுமாக நிலம் விரிந்து கிடக்கிறது. நெடுங்காலம் ஓடத்துறைகளே இவ்விரண்டையும் பல இடங்களில் இணைத்து வந்தன. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது படுவான்கரை மக்கள் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. ஆள் செல்லப் பாலம் வந்துவிட்டது. செய்தி செல்லும் வழி மட்டும் இன்னும் கொழும்பைச் சுற்றியே வருகிறது. வெல்லாவெளியில் நிகழ்ந்ததைக் களுவாஞ்சிகுடியிலுள்ளவர் தலைநகரத்து நாளேட்டில் படித்து அறிகின்றார். அல்லது கனடாவிலிருக்கும் மைத்துனர் கைத்தொலைபேசியில் அனுப்ப, அதைப் பார்த்து அறிகின்றார்.

ஓர் உதாரணம் கூறுவோம். மாரிகாலத்தில் வாவியின் நீர் உயரும்போது, முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டிவிட வேண்டுமென வயல்காரர் கேட்பர். வெட்டினால் வெள்ளம் வடியும், பயிர் பிழைக்கும். காலமறியாது வெட்டினால் மீனும் இறாலும் நீரோடு கடலுக்குப் போய்விடுமென வாவியில் தொழில் செய்வோர் அஞ்சுவர். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. முடிவு கச்சேரியில் எடுக்கப்படுகிறது. ஆற்றுவாய் வெட்டப்பட்டது என்று பத்திரிகையில் இரண்டு வரி வருகிறது. வயல்காரர் என்ன சொன்னார் என்பதை மீன்காரரும், மீன்காரர் ஏன் மறுத்தார் என்பதை வயல்காரரும் அவரவர் வாய்மொழியாகக் கேட்க வழியேயில்லை. கேட்டிருந்தால் பிணக்கு முற்றாகத் தீர்ந்துவிடும் என்று நாம் கூறவில்லை. எதிரியின் நியாயத்தைக் கேட்டபின் எழும் பிணக்குக்கும் கேளாமலே மூளும் பகைக்கும் வேறுபாடு மிகப் பெரிது.

சமூக வானொலி என்பது இதற்கே ஏற்பட்டது. அரசின் குரலாகவும் வணிகரின் குரலாகவும் நில்லாது, ஒரு சிறு நிலப்பரப்பின் மக்கள் தாமே உரிமைபூண்டு, தாமே நடத்தி, தாமே கேட்கும் நிலையமே சமூக வானொலி. அதன் வலிமை குறைவு, எல்லை குறுகியது, குறுகியிருப்பதே அதன் பயன். கொழும்பு வானொலியில் சந்தை விலை சொன்னால் அது புறக்கோட்டை விலை. வாவிக்கரைக்காரருக்கு வேண்டியது இன்று காலை மட்டக்களப்புச் சந்தையில் இறால் என்ன விலை போயிற்று என்பதன்றோ!

இலங்கைக்கு வானொலி புதிதன்று. 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிற்று. ஆசியாவிலேயே முந்தியவற்றுள் அது ஒன்று. சமூக வானொலி என்னும் பெயரும் இங்குப் புதிதன்று. 1981இல் யுனெஸ்கோவும் டென்மார்க்கு நாட்டின் உதவி நிறுவனமும் துணைநிற்க, ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் மகாவலிக் குடியேற்றங்களில் சமூக வானொலியைத் தொடங்கியது. மகாவலிக் குடியேற்றம் என்றவுடன் கிழக்கிலங்கைத் தமிழ் பேசுவோரிடம் எழும் மனக்குறைகள் பல. அவை தனியே பேசவேண்டியவை. ஆனால் அவ்வானொலிக்காரர் கைக்கொண்ட முறை போற்றத்தக்கது. அவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு கிராமத்துக்குச் சென்று, சில நாட்கள் அங்கேயே தங்கி, மக்களோடு உண்டு உறங்கி, அவர்கள் வாயிலாகவே நிகழ்ச்சியைத் தயாரித்தனர். பதிவுசெய்ததை அவ்வூராருக்கே திரும்பப் போட்டுக் காட்டினர். பட்டினத்து அறிவிப்பாளர் ஊருக்குப் பாடம் சொல்லும் வழக்கம் அங்கே தலைகீழாயிற்று.

1989இல் எழுந்த கொத்மலை நிலையம் உலகப் புகழ் பெற்றது. கிராமத்தார் கேட்கும் வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி, அதை வானொலியிலே விளக்கிக் கூறும் முறையை 1990களின் இறுதியில் அங்கே தொடங்கினர். பிற நாட்டறிஞர் வந்து பார்த்துச் சென்றனர், ஆய்வுகள் எழுதினர். எனினும் தேயிலைத் தோட்டத் தமிழர் நிரம்ப வாழும் மலைச்சாரலில் நின்ற அந்நிலையம் பெரும்பாலும் சிங்களத்திலேயே பேசிற்று. மேலும் அது கூட்டுத்தாபனத்தின் உடைமை. ஆட்சியாளருக்கு ஒவ்வாத வினாவை ஊரவர் கேட்கத் துணிந்தால் என்ன ஆகும் என்பதை அங்குப் பணிசெய்தவர்கள் நன்கறிவர். கிழக்கிலும் அட்டாளைச்சேனையிலிருந்து கூட்டுத்தாபனத்தின் பிறை எஃப்.எம். என்னும் பிரதேச சேவை தமிழில் ஒலித்து வந்திருக்கிறது. அதை நாம் குறைகூறவில்லை, வரவேற்கிறோம். ஆயினும் பிரதேச சேவை வேறு, சமூக வானொலி வேறு. முன்னையதில் ஊரவர் விருந்தினர். பின்னையதில் ஊரவரே வீட்டுக்காரர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, தனியாருக்கு அனுமதியளிக்கும் அதிகாரத்தை அமைச்சரிடம் ஒப்படைத்தது. சமூக வானொலிக்கெனத் தனி வகுப்பு எதையும் அச்சட்டம் வகுக்கவில்லை. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்னும் கொள்கையை ஏற்று, அம்மசோதா அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1995இல் அதே கொள்கையைக் கூறியிருந்தது. அங்கே அத்தீர்ப்பு வீண்போகவில்லை. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலாவது வளாக வானொலி எழுந்தது. 2006இல் மக்கள் அமைப்புகளுக்கும் கதவு திறக்கப்பட்டது. நேபாளத்திலே 1997இலேயே சாகர்மாதா வானொலி பேசத் தொடங்கிவிட்டது. நம் நாட்டிலோ அத்தகைய கதவு எதுவும் அத்தீர்ப்பினால் திறந்துவிடவில்லை. இதைத் திறப்பிப்பது சட்டத்தரணிகள், பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோரின் கடன். ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் ஆகிய நம் கடன் வேறொன்று. நிலையம் நாளை வந்தால் அதில் யார் இருந்து பேசுவர்? எப்படிப் பேசுவர்?

தொண்டர் என்ற சொல்லைக் கேட்டவுடன், ஊதியமில்லாமல் யார் வருவர் எனச் சிலர் நகைப்பர். மட்டக்களப்பில் இவ்வினாவை எழுப்புவோர் கூத்துக் களரியைக் கண்ணாற் கண்டறியார் என்பது உறுதி. வயல்வேலை ஓய்ந்த காலத்தில் ஊர்ப்பெரியோர் கூடி, இவ்வாண்டு வடமோடியா தென்மோடியா, எந்தக் கதை என்று முடிவுசெய்து அண்ணாவியாரை அழைப்பர். குரலையும் உடற்கட்டையும் பார்த்து இன்னாருக்கு இன்ன பாத்திரமெனச் சட்டம் கொடுப்பர். பகலெல்லாம் சேற்றிலும் நீரிலும் உழைத்த இளைஞர் இரவில் களரிக்கு வந்து தாளக்கட்டும் ஆட்டமும் பாட்டும் பழகுவர். இது பல மாதம் நடக்கும். பின்னர் சதங்கை அணி விழா, அதன்பின் அடுக்குப் பார்த்தல், அதன்பின்னரே அரங்கேற்றம். அரங்கேறிய பின்னும் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதுண்டு. ஆடினவர் எவரும் கூலி கேட்டதில்லை. பழக்கிய அண்ணாவியாருக்கு ஊர் மரியாதை செய்தது. செலவை ஊரே சுமந்தது.

இதைவிடச் சிறந்த தொண்டர் பயிற்சி முறையை எந்த வெளிநாட்டு நிபுணர் நமக்குக் கற்பிக்கப் போகின்றார்? உற்று நோக்கினால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். வந்தவர் யாவரும் உடனே மேடையேறுவதில்லை. கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்பதில் குழப்பமில்லை. ஒருவர் ஊரைவிட்டுப் போனால் அவர் பாத்திரத்தை ஏற்க வேறொருவர் களரியில் நின்று பார்த்துப் பார்த்தே பழகியிருப்பார். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவருக்கு இக்கூத்தைப் பழக்க நினைத்தபோது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரையே வரவழைத்தார். பல்கலைக்கழகம் களரியிடம் பாடம் கேட்டது. இன்று வந்தாறுமூலையிலேயே பல்கலைக்கழகம் இருக்கிறது. கல்லடியில் சுவாமி விபுலாநந்தரின் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கிறது. அண்ணாவிமாரும் இருக்கின்றனர். வானொலிக்கும் களரிக்கும் முடிச்சுப் போடுவார் ஒருவரே வேண்டும்.

இனி, எதைப் பழக்குவது? பயிற்சி என்றவுடன் நம்மவர் முதலில் எண்ணுவது குரலை. கொழும்பிலோ சென்னையிலோ கேட்ட ஓர் அறிவிப்பாளரைப்போல மூச்சுவிடாது பேசவும், காரணமின்றிச் சிரிக்கவும், சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் கலக்கவும் வல்லவரே வானொலிக்குத் தகுந்தவர் என்னும் எண்ணம் இளைஞரிடம் வேரூன்றியிருக்கிறது. எமது அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. சமூக வானொலித் தொண்டர் முதன்முதல் பழகவேண்டியது கேட்பதற்கு. துடுப்பில் காதுவைத்த மீனவர் நீரோடு உரையாடவில்லை. மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.

கேட்பது எளிதன்று. படுவான்கரையில் ஒரு மூதாட்டியிடம் சென்று, மகனை இழந்த கதையையோ மாட்டுநோய்க்குச் செய்யும் கைமருந்தையோ கேட்டால், அவர் உடனே விடை சொல்லமாட்டார். வெற்றிலையை மடிப்பார், வேலிப்பக்கம் பார்ப்பார், பின்னர் ஒரு சொல் சொல்வார். பழகாத இளைஞர் அந்த இடைவெளியைத் தாங்கமாட்டாமல் தாமே விடையையும் சொல்லி, அப்படித்தானே அம்மா என்று கேட்டுவிடுவார். ஓம் மகன் என்று அவரும் சொல்லிவிடுவார். நிகழ்ச்சி முடிந்தது, செய்தி செத்தது. ஒரு கேள்வி கேட்டபின் வாய்திறவாமல் இருக்கப் பழகுவதற்கே ஒரு மாதம் செலவிடலாம். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடிப்பது, வாவிக்காற்று அதில் இரையாதபடி துணி சுற்றுவது, கோழி கூவினால் நிறுத்தாமல் விடுவது, லொறி வந்தால் நிறுத்துவது ஆகிய தொழில் நுணுக்கங்கள் யாவும் ஒரு கிழமையில் கைவந்துவிடும். வெட்டி ஒட்டும் வேலைக்கு மட்டும் சிறிது நாள் கூடுதலாகத் தேவை. அதிலும் முதற்பாடம், பேசுவோர் மௌனமாயிருந்த இடத்தை வெட்டாதே என்பதுதான். பதிவுசெய்ததைப் பேசியவருக்கே முதலிற் போட்டுக் காட்டவேண்டும். இது வேண்டாம் தம்பி என்று அவர் சொன்னால், எவ்வளவு சுவையானதாயினும் அதை எடுத்துவிடவேண்டும். அவர் நாளையும் அதே ஊரில் வாழவேண்டியவர், தொண்டரும் அப்படியே.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். தமிழின் பேச்சுவழக்குகளுள் இலக்கிய வழக்குக்கு மிகவும் அணுக்கமானது மட்டக்களப்பு வழக்கே என்று செக்கு நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் கூறினார். அத்தகைய பேச்சையுடைய நாம் ஒலிவாங்கி முன்னே வந்தவுடன் அதை மறைக்கப் படும் பாடு வேடிக்கையானது. மறுகா என்று சொல்ல வாய்வந்தவர் பிறகு என்று திருத்திக்கொள்கின்றார். ஒள்ளுப்பம் பொறுங்க என்பதற்குப் பதிலாக ஒரு நிமிடம் காத்திருங்கள் என்கின்றார். என்னகா என்னும் அன்புச் சொல்லை வானொலி கேட்டதேயில்லை போலும். 1950களில் இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ போன்ற வானொலி நாடகங்கள் யாழ்ப்பாணப் பேச்சை நாடெங்கும் கேட்கச் செய்தன. அவற்றைக் கேட்டு எவரும் யாழ்ப்பாணத்தாரைத் தாழ்வாக எண்ணவில்லை. அப்பேச்சின் மீது விருப்பமே கொண்டனர். மட்டக்களப்புப் பேச்சுக்கு அத்தகைய வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வழங்கும் முஸ்லிம் மக்களின் தமிழோ, அதற்குரிய தனிச்சொற்களோடும் இனிய ஓசையோடும் நகைச்சுவைக்கு மட்டுமே வானொலியில் எடுத்தாளப்பட்டு வந்திருக்கிறது. இது நீதியன்று.

இதனால் எதையும் எப்படியும் பேசலாம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளவேண்டாம். செய்தியை நல்ல தமிழில் வாசிக்க வேண்டும். ழகரத்தை விழுங்கும் அறிவிப்பாளரை நாம் மன்னியோம். எண்களைச் செவிக்கு எட்டுமாறு சொல்லவும், வசனத்தைக் குறுக்கி எழுதவும், பழுகாமம், கொக்கட்டிச்சோலை, ஆரையம்பதி முதலிய ஊர்ப்பெயர்களை ஊரார் சொல்வதுபோலவே சொல்லவும் பழகவேண்டும். சோ. சிவபாதசுந்தரம் 1954இல் வெளியிட்ட ‘ஒலிபரப்புக் கலை’ இத்துறையில் தமிழுக்கு வாய்த்த முன்னோடி நூல். லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்று பெயரிட்டவரும் அவரே. நம் நாட்டவர் எழுதிய அந்நூலை நம் பாடசாலை நூல்நிலையங்கள் எத்தனை வைத்திருக்கின்றன என்று ஆசிரியர்கள் ஒருமுறை தேடிப் பார்ப்பார்களாக. அறிவிப்பாளருக்கு ஓர் ஒழுங்கு. ஊரவருக்கு அவரவர் பேச்சு. இவ்விரண்டையும் குழப்பாதிருந்தால் போதும். அறிவிப்பாளர் கொச்சையாகப் பேசி ஊரவரைச் செந்தமிழ் பேசவைக்கும் விந்தையே இன்று பல நிலையங்களில் நடைபெறுகிறது!

எழுவான்கரையில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்திருப்பதைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடைகளில் உவமை கூறுவது வழக்கம். கூறிக்கூறி அவ்வுவமை நைந்துபோயிற்று. 1990ஆம் ஆண்டின் காயங்கள் இருசாராரிடத்தும் உண்டு. அவை ஆறிவிட்டன என்று சொல்பவர் அவ்வூர்களில் வாழாதவராகவே இருக்கவேண்டும். இரவில் ஒரு கடை எரிந்தது என்ற செய்தி கைத்தொலைபேசியில் பரவும் வேகத்தை இன்று எல்லோரும் அறிவர். அது உண்மையா என்று அறிய எங்கே கேட்பது என்பதைத்தான் ஒருவரும் அறியார். ஏறாவூர்த் தொண்டரும் செங்கலடித் தொண்டரும் ஒரே பயிற்சிக் களரியில் பழகினவராயின், அவ்விரவில் ஒருவரையொருவர் அழைத்து, நீ நிற்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க ஒரு வழி இருக்கும். கேட்டறியும் வரை ஒலிபரப்பாதிருக்கவும் அவர்கள் பழகியிருப்பர். முந்திச் சொல்வது வணிக வானொலிக்குப் பெருமை. பிந்தினாலும் சரியாகச் சொல்வதே ஊர் வானொலிக்கு மானம்.

இவ்வாவிக்கரையில் பேசுவது ஆபத்தற்ற தொழிலாக இருந்ததில்லை என்பதையும் மறைக்கலாகாது. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பு மண்ணின் மகனான தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். பட்டினத்துப் பத்திரிகையாளர் ஓர் இடத்தை எழுதிவிட்டு வேறிடம் போகலாம். ஊர்த் தொண்டருக்குப் போக்கிடமில்லை. அவர் தாய், தங்கை, தோணி யாவும் அங்கேயே உள்ளன. ஆதலால் துணிவை மட்டும் ஊட்டும் பயிற்சி பொறுப்பற்றதாகும். எதை யார் பெயரால் சொல்வது, எதைப் பலர் சேர்ந்து சொல்வது, எதை ஆவணத்தோடு மட்டும் சொல்வது என்பவற்றையும் கற்பிக்கவேண்டும். தனியொருவர் தலையில் பழி விழாதபடி ஆசிரியர் குழு ஒன்று நின்று பொறுப்பேற்கவேண்டும். அக்குழுவில் வயல்காரர், மீன்காரர், இரு சமயத்தார், பெண்கள் ஆகிய யாவரும் இருத்தல் அவசியம். ஒரு கட்சிக்காரரிடமோ ஒரு கோயில் வண்ணக்கரிடமோ ஒரு பள்ளிவாசல் தலைவரிடமோ திறப்பைக் கொடுத்தால் நிலையம் ஓராண்டும் நிலைக்காது.

இயற்கையின் சீற்றத்தைப் பற்றிப் பேசும்போது வானொலி அன்பர்கள் சற்று மிகைப்படுத்துவதுண்டு. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியையும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் ஊர் வானொலி தடுத்திருக்கும் என்பது பேதைமை. கடல் வரப்போவதை அன்று கொழும்பே அறியாதபோது கல்லடி எப்படி அறியும்? ஆனால் அலை வடிந்த பின் வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். எந்தப் பாடசாலையில் யார் தங்கியிருக்கின்றனர், எந்த வைத்தியசாலையில் எந்தக் குழந்தை பெயர் சொல்லத் தெரியாமல் இருக்கிறது, எந்தக் கிணற்று நீரைக் குடிக்கலாம், எந்த வீதி உடைந்திருக்கிறது என்பவை தேசியச் செய்திகள் அல்ல. நாவலடி மக்களுக்கு அவற்றைவிடப் பெரிய செய்தியும் இல்லை. 2011 ஜனவரியில் மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியபோதும் இதே வினாக்கள் எழுந்தன. மின்சாரம் அற்று, தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்தபின், இரண்டு சிறு மின்கலங்களில் இயங்கும் வானொலிப்பெட்டியே மிஞ்சுகிறது. எல்லோரிடமும் கைத்தொலைபேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்று கேட்பவருக்கு இது ஒரு விடை.

மற்றொரு விடையைத் தெலுங்கு நாட்டு உழவுப் பெண்கள் தந்திருக்கின்றனர். சாகீராபாத்துக்கு அருகே பஸ்தாபூர்ப் பக்கத்துத் தலித்துப் பெண்கள் 1990களின் இறுதியிலேயே ஒலிப்பதிவு பழகிக்கொண்டனர். ஒலிபரப்ப அனுமதி கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. விதைகளைப் பற்றியும் பாட்டுகளைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் தாம் பதிவுசெய்த நாடாக்களை ஊர்ச் சங்கக் கூட்டங்களில் போட்டு எல்லோருமாகக் கேட்டனர். 2008இல் அனுமதி கிடைத்துச் சங்கம் வானொலி ஒலிக்கத் தொடங்கிய அன்று, அவர்களிடம் பயின்ற கையும் பழகிய செவியும் நிறைந்த பேழையும் ஆயத்தமாயிருந்தன. பாக்குநீரிணைக்கு அப்பால் பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை, மீனவருக்கென்றே நடத்தப்படும் வானொலி; காற்றையும் கடலையும் பற்றிப் பேச அது மீனவக் குடும்பத்து இளைஞரையே பழக்கிக்கொண்டது. பாம்பனில் ஆனது பாலமீன்மடுவில் ஆகாதென்று யார் சொன்னார்?

செலவுக்கணக்கும் பார்த்துவிடுவோம். இந்தியாவில் சமூக வானொலிக்கு அனுமதிக்கப்படும் வலு 100 உவாற்று. அது பத்துப் பதினைந்து கிலோமீற்றர் வரையே எட்டும். நமது வாவியின் நீளத்துக்கு அத்தகைய சிறு நிலையங்கள் மூன்றாவது வேண்டும். கருவிகளின் விலை ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. குறையாதது மனிதச் செலவு. தொண்டர் என்பதால் பேருந்துக் கட்டணத்தையும் அவரே கொடுக்கவேண்டும் என்று எண்ணுவது தொண்டைச் சுரண்டுவதாகும். பெண்கள் அந்திக்குமுன் வீடு திரும்பக்கூடிய நேரத்தில் பயிற்சி வைக்காவிட்டால் பெண் குரலே ஒலிக்காது. போருக்குப்பின் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் இத்தனை பேர் வாழும் பிரதேசத்தில் அவர்கள் குரலற்ற வானொலி எதற்கு? பழகிய இளைஞர் கத்தாருக்குப் போய்விடுவார் என்ற குறையும் சொல்லப்படுகிறது. போகட்டும், பிழைப்பைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. களரியில் அடுத்தவரைப் பழக்கிவைத்திருந்தால் அவர் போவதால் நிலையம் மூடப்படாது. ஆழிப்பேரலைக்குப் பின் பல நிறுவனங்கள் மூன்று நாட் பயிற்சி நடத்தி, சான்றிதழ் வழங்கி, குழுவாகப் படம்பிடித்துக்கொண்டு போயின. அச்சான்றிதழ்கள் பல வீடுகளில் சுவரில் தொங்குகின்றன. மூன்று நாளில் மத்தளத்தில் கைவைக்கக்கூட எந்த அண்ணாவியாரும் விடமாட்டார்.

ஆகவே அனுமதிப்பத்திரம் வரும்வரை காத்திராமல், இருகரையிலும் இரண்டிரண்டு பாடசாலைகளைத் தேர்ந்து, உயர்தர வகுப்பு முடித்து வீட்டிலிருக்கும் பிள்ளைகளில் பத்துப் பேரை ஒவ்வோரிடத்தும் சேர்க்கலாம். மாரி முடிந்து, வேளாண்மை வெட்டு ஓய்ந்தபின், சித்திரைக்கு முன் தொடங்குவது நன்று. கைத்தொலைபேசியே பதிவுக்கருவியாகட்டும். பல்கலைக்கழக மொழித்துறையார் கிழமைக்கொருநாள் வந்து உச்சரிப்பும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கட்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் மூச்சும் தாளமும் சொல்லிக்கொடுக்கட்டும். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு தொடங்கும்போது கோயில் வீதிகளில் ஒலிபெருக்கி கட்டியிருப்பர். பூசைக்கும் வழக்குரைக்கும் இடைப்பட்ட நேரத்தில் சினிமாப் பாட்டுப் போடுவதை நிறுத்தி, அரைமணி நேரம் அப்பிள்ளைகள் தயாரித்த நிகழ்ச்சியைப் போடச் சொல்லி நிர்வாகத்தாரிடம் கேட்கலாம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் பொது நூல்நிலைய மண்டபங்கள் அதற்குப் பொருந்தும். முதல் நிகழ்ச்சிக்குரிய பொருளை நாமே முன்மொழிகிறோம்: ஆற்றுவாயை எப்போது வெட்டுவது? வயல்காரர் இருவர், மீன்காரர் இருவர், நீர்ப்பாசனக் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர். அறிவிப்பாளர் பேசவேண்டியது ஐந்து நிமிடத்துக்கு மேற்படலாகாது.